வயலை விட்டவர் எங்கே போய்ச் சேர்ந்தார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "விவசாயத்தில் இருப்பவர்கள் தொழிலுக்கும் சேவைக்கும் மாறினால் நாட்டின் உற்பத்தித்திறன் உயரும் என்று பொருளாதாரப் பாடத்தில் படிக்கிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் வயலை விட்டுவிட்டார்கள். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அப்பா புலம்புகிறார். போனவர்களும் பெரிதாக முன்னேறியதாகத் தெரியவில்லை. வளரும் நாடுகளில் உண்மையில் நடப்பது என்ன?"

பாடத்தில் இருப்பதும் சரி, அப்பா சொல்வதும் சரி. பாடம் பாதியில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். வயலை விட்டார்கள் என்பதோடு கணக்கை முடித்துக்கொள்கிறோம். எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்ப்பதில்லை.

நூறு பேர் உழைக்கும் ஒரு சிறு நாட்டை வைத்துக்கொள்வோம். 60 பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் மதிப்புக்கு விளைவிக்கிறார்கள். மீதி 40 பேர் ஆலைகளில். ஆளுக்கு 4 லட்சம். மொத்தம் 220 லட்சம், சராசரி 2.2 லட்சம். இந்தத் தலைக்குச் சராசரியைத்தான் உற்பத்தித்திறன் என்கிறோம். இப்போது 10 பேர் வயலிலிருந்து ஆலைக்குப் போகிறார்கள். வயலில் 50 லட்சம், ஆலையில் 200 லட்சம், சராசரி 2.5 லட்சம். யாரும் முன்பைவிடக் கூடுதல் திறமையோடு உழைக்கவில்லை. ஆனாலும் நாட்டின் உற்பத்தித்திறன் ஏறக்குறைய 14 சதவீதம் ஏறிவிட்டது. ஆள் இடம் மாறியதற்குக் கிடைத்த பலன் இது.

அதே 10 பேர் ஆலையில் இடம் கிடைக்காமல் தள்ளுவண்டியில் பழம் விற்கப் போனார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு ஒன்றரை லட்சம். மொத்தம் 225 லட்சம்தான். உயர்வு 2 சதவீதத்துக்குச் சற்று மேல். வயலை விட்டவர்கள் எண்ணிக்கை இரண்டு கணக்கிலும் ஒன்றே.

மூன்றாவது கணக்கு ஒன்றும் உண்டு, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆலைகள் நவீனமாகி, ஆளுக்கு 4 லட்சம் என்பது 5 லட்சமாகிறது. ஆனால் 40 பேர் வேண்டிய இடத்தில் 30 பேர் போதும் என்றாகிவிடுகிறது. வெளியே வந்த 10 பேர் கிடைத்த வேலையைச் செய்து ஆளுக்கு 1.2 லட்சம் ஈட்டுகிறார்கள். கூட்டிப் பாருங்கள்: 60, 150, 12. மொத்தம் 222 லட்சம். ஆலைகளின் உற்பத்தித்திறன் 25 சதவீதம் கூடியிருக்கிறது, நாட்டினுடையது 1 சதவீதம்கூடக் கூடவில்லை. ஆலை முதலாளிகளின் ஆண்டறிக்கையைப் படிப்பவருக்கு நாடு பறப்பதுபோல் தெரியும்.

இவை நான் சும்மா கட்டிய கணக்குகள் அல்ல. பொருளாதார அறிஞர்கள் மார்கரெட் மெக்மில்லனும் டேனி ராட்ரிக்கும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 1990 முதல் 2005 வரை பல நாடுகளின் வளர்ச்சியை இப்படித்தான் இரண்டாகப் பிரித்தார்கள்: ஒவ்வொரு துறைக்குள்ளும் ஏற்பட்ட முன்னேற்றம் எவ்வளவு, துறை விட்டுத் துறை ஆள் மாறியதால் வந்தது எவ்வளவு என்று. ஆசியாவில் ஆள் மாறியது வளர்ச்சியைக் கூட்டியிருந்தது. லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் அதே காலத்தில் அது வளர்ச்சியைக் குறைத்திருந்தது. அர்ஜென்டினா 1991-இல் தன் நாணயமான பெசோவை டாலரோடு ஒன்றுக்கு ஒன்று கட்டிப்போட்டு, சந்தையையும் திறந்துவிட்டது. இறக்குமதியோடு மல்லுக்கட்ட முடிந்த ஆலைகள் ஆளைக் குறைத்து மெருகேறின, முடியாதவை மூடப்பட்டன. வேலையிழந்தவர்கள் சில்லறை வியாபாரத்திலும் பதிவில்லாத வேலைகளிலும் ஒதுங்கினார்கள். அதுதான் நம் மூன்றாவது கணக்கு. ஜாம்பியாவில் இன்னும் ஒரு படி மேலே போய், விவசாயத்தில் இருப்போர் பங்கே கூடிவிட்டது. செப்புச் சுரங்கத் தொழில் நொடித்தபோது மக்கள் மண்ணுக்குத் திரும்பினார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் 2000-க்குப் பிறகு நிலைமை மாறி, விவசாயத்தை விட்டு வெளியேறுவது வேகம் பிடித்தது. ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் சேர்ந்தது சிறு கடைகளிலும் சிறு பட்டறைகளிலும்தான்.

இந்தச் சிந்தனைக்கு மூலவர் ஆர்தர் லூயிஸ். கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்தவர். 1954-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைச் சொன்னார், 1979-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் சொன்னது இது: நாலு பேர் செய்து முடிக்கக்கூடிய வேலையைக் குடும்பத்தில் ஏழு பேர் பங்குபோட்டுச் செய்துகொண்டிருக்கிறார்கள். மூன்று பேர் வெளியே போனாலும் களத்துமேட்டுக்கு வரும் நெல் குறையாது. அந்த மூவரை நவீனத் துறை உள்ளே இழுத்து, வரும் லாபத்தை மறுபடி முதலீடு செய்து, இன்னும் மூவரை இழுக்கும். லூயிஸை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர் அந்த மறுமுதலீட்டை விட்டுவிடுகிறார்கள். ஆலையில் ஆளுக்கு 4 லட்சம் என்பது, அங்கே உள்ள இயந்திரத்துக்கும் சந்தைக்கும் கிடைக்கிற சராசரி. இயந்திரம் கூடாமல் ஆளை மட்டும் உள்ளே விட்டால், பத்துப் பேர் வேலைக்குப் பதினொன்றாவது ஆளாகத்தான் அவர் நிற்பார். வயலில் இருந்த உபரி கூரைக்குக் கீழே வந்துவிடும், அவ்வளவே.

இந்தியாவில் இடைவெளி எவ்வளவு? 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி உழைப்போரில் 46 சதவீதம் விவசாயத்தில். நாடு உருவாக்கும் மொத்த மதிப்பில் விவசாயத்தின் பங்கோ சுமார் 18 சதவீதம். வகுத்துப் பார்த்தால், விவசாயத்துக்கு வெளியே இருப்பவர் தலைக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு மதிப்பை உருவாக்குகிறார். இதைப் பார்த்ததும், ஆளை அள்ளி நகரத்தில் இறக்கினால் நாடு நான்கு மடங்காகிவிடும் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். விவசாயத்தில் இருப்பவர் ஆண்டில் வேலை பார்க்கும் மணிநேரம் குறைவு. நடவு, களை, அறுப்பு முடிந்தால் வேலை கிடையாது. பள்ளிப் படிப்பும் சராசரியில் குறைவு. டக்ளஸ் காலின், டேவிட் லகாகோஸ், மைக்கேல் வா என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் பல நாடுகளுக்கு இந்த இரண்டையும் கழித்துப் பார்த்தார்கள். மேலோட்டமான இடைவெளி மூன்று மடங்குக்கு மேல் இருந்தது, கழித்த பிறகு சுமார் இரண்டு மடங்காக நின்றது. இந்தோனேசியாவிலும் கென்யாவிலும் அதே ஆட்களையே வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து, ஒருவர் மாறுவதற்கு முன்னும் பின்னும் என்ன ஈட்டினார் என்று பார்த்தபோது அந்த இடைவெளியிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. முதலில் கிளம்புகிறவர் பெரும்பாலும் ஊரில் சூட்டிகையானவர். அவர் எங்கே இருந்தாலும் கொஞ்சம் கூடுதலாக ஈட்டியிருப்பார்.

எனக்கு இந்த ஆய்வுகளில் மதிப்பு உண்டு. ஆனால் அதை வைத்து 'இடம் மாறுவதில் பயன் இல்லை' என்று முடிவு கட்டுவதை ஏற்க மாட்டேன். ஒருவர் மாறுவதையும், ஒரு நாடே மாறுவதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சீனாவைப் பாருங்கள். 1978-இல் உழைப்போரில் 70 சதவீதம் பேர் விவசாயத்தில். இன்று நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்படி ஒரு மாற்றம் உழைப்பாளியின் தனித்திறமையால் மட்டும் வராது.

சீனாவில் அது எப்படித் தொடங்கியது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. ஆலையில் தொடங்கவில்லை, வயலில் தொடங்கியது. 1978 கடைசியில் ஆன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 குடும்பங்கள், கூட்டுப் பண்ணை நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வதென்று இரகசியமாக ஒப்பந்தம் போட்டுக் கைநாட்டு வைத்தன. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் அதுவே முறையானது. விளைச்சல் ஏறியது, குறைந்த ஆளைக் கொண்டே விளைந்தது. அப்படி ஓய்ந்த கைகளை ஊர்ப்புறத் தொழிற்கூடங்கள் எடுத்துக்கொண்டன. 1978-இல் சுமார் 2.8 கோடிப் பேர் வேலை செய்த அந்தத் தொழிற்கூடங்களில் 1996-இல் சுமார் 13.5 கோடிப் பேர். 'மண்ணை விடு, ஊரை விடாதே' என்பது அந்தக் காலத்து முழக்கம். ஆனால் 1958-இல் சட்டமான குடிப்பதிவு முறை, நகரத்துக்கு வந்த கிராமத்தாரைப் பல பத்தாண்டுகள் இரண்டாந்தரக் குடிகளாகவே வைத்திருந்தது. அவர் தைத்த சட்டை கடல் கடந்து போயிற்று. அவர் பிள்ளைக்கு அந்த நகரத்துப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. உற்பத்தித்திறன் கணக்கில் இந்த வலி எந்தப் பத்தியிலும் ஏறாது.

இந்தியா வேறு வழியில் வந்தது. 1993-94-இல் விவசாயத்தில் 64 சதவீதம், 2011-12-இல் 49 சதவீதம். குறைவு கணிசமானதுதான். ஆனால் ஆலைத் தொழிலின் பங்கு 11, 12 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. வெளியேறியவர்களைப் பெரிய அளவில் வாங்கிக்கொண்டது கட்டட வேலை. 2004-05-இல் உழைப்போரில் 6 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த அதன் பங்கு, 2011-12-க்குள் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இன்று ஆலைத் தொழிலில் உள்ளதைவிடக் கட்டட வேலையில்தான் ஆள் அதிகம். வயலில் கூலிக்குப் போனதைவிடச் சித்தாள் வேலையில் கையில் காசு கூட வரும். நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வருடம் சித்தாளாக இருந்தவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் கூலியில் பெரிய வித்தியாசம் இல்லை. கற்றுக்கொண்டே மேலே ஏறுகிற படிக்கட்டு அந்த வேலையில் இல்லை, பெண்ணுக்கு அறவே இல்லை. கொத்தனாரான பெண் எத்தனை பேரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

பிறகு 2020 வந்தது. பொதுமுடக்கத்தில் நகரங்கள் ஆளை வெளியே தள்ளின. 2018-19-இல் 42.5 சதவீதமாக இறங்கியிருந்த விவசாயத்தின் பங்கு 2020-21-இல் 46.5 ஆயிற்று. தொற்று ஓய்ந்த பிறகும் அது இறங்கவில்லை, 2023-24-இல் 46.1. இதில் பெண்களின் கதை தனி. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 2017-18-இல் 23 சதவீதம், 2023-24-இல் 42 சதவீதம் என்று கணக்கெடுப்பு சொல்கிறது. கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் கிராமப்புறத்தில் உழைக்கும் பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் விவசாயத்தில்தான். அதிலும் சொந்தக் காட்டில் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் ஏராளம். ஆண் நகரத்துக்குப் போனார், அவர் விட்ட மண்வெட்டியைப் பெண் எடுத்தார். ஒரு வீட்டில் ஒருவர் துறை மாறினால் இன்னொருவர் அதே துறைக்குள் இன்னும் ஆழமாகப் போகிறார். சராசரி எப்படி ஏறும்?

தமிழ்நாட்டில் படம் கொஞ்சம் வேறு. இங்கே விவசாயத்தில் இருப்போர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இந்தியாவில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இந்த ஒரு மாநிலத்தில். தாராபுரம், காங்கேயம் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் பனியன் கம்பெனி வேன் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஏறுகிற பெண்ணின் அம்மா கடலைக்காட்டில் களை எடுத்தவர். மகள் டைலருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, மெஷினில் உட்காரக் கற்று, டைலராகி, பீஸ் ரேட்டில் கணக்குப் பேசுகிறார். மண்ணை விட்டார், ஊரை விடவில்லை. நல்ல ரோடு, டவுன் பஸ், மின்சாரம், பள்ளிக்கூடம், பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பலாம் என்ற மனம், இவை எல்லாம் முன்பே வந்திருந்ததால்தான் அந்த வேன் அந்த ஊருக்குள் வர முடிந்தது. வேலையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று உடம்பு நொறுங்கும். ஆனாலும் படிக்கட்டு என்று நான் சொன்னது அங்கே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துறை என்ற பெயர்ப்பலகையை நம்பி ஏமாறக் கூடாது. ஒரே 'தொழில் துறை' என்ற பெயருக்குள் வீட்டுத் திண்ணைப் பட்டறையும் இருக்கிறது, ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையும் இருக்கிறது. வியட்நாமில் இது தெளிவாகத் தெரிந்தது. 2001 டிசம்பரில் அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. வியட்நாம் பொருள்கள் மீது சராசரியாக 23 சதவீதம் இருந்த அமெரிக்கச் சுங்கவரி 2 சதவீதம் அளவுக்கு இறங்கிற்று. எந்தெந்தத் தொழிலில் வரி அதிகம் குறைந்ததோ, அங்கெல்லாம் தொழிலாளர்கள் வீட்டுத் தொழிலிலிருந்து பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு மாறினார்கள், குறிப்பாக இளையவர்கள். துறை மாறவே இல்லை. ஆனால் உற்பத்தித்திறன் ஏறியது. வெளியே வாங்க ஆள் இருந்தது, உள்ளே ஏற்க நிறுவனம் இருந்தது.

எத்தியோப்பியாவில் இதற்கு நேர் எதிரான அனுபவம். கிறிஸ்டோபர் பிளாட்மனும் ஸ்டீஃபன் டெர்கானும் அங்கே ஐந்து நிறுவனங்களில் வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு வேலை கொடுக்கச் செய்து பின்தொடர்ந்தார்கள். ஓராண்டுக்குள் நான்கில் மூன்று பேர் வேலையை விட்டுவிட்டார்கள். சந்தையில் சில்லறை வேலை செய்து கிடைக்கும் வருமானத்தைவிட ஆலைச் சம்பளம் மேலாக இல்லை. உடல்நலக் கேடோ கூடியது. மக்களுக்கு ஆலை வேலையின் அருமை தெரியவில்லை என்று இதைப் படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் போட்ட கணக்கு சரியாகவே இருந்தது.

போக விரும்பியும் போக முடியாதவர்கள் ஒருபுறம் இருக்கிறார்கள். வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் நடவுக்கும் அறுவடைக்கும் இடையே வரும் பஞ்ச மாதங்களை 'மொங்கா' என்பார்கள். 2008-இல் அங்கே ஏழைக் குடும்பங்களுக்கு 600 டாக்கா கொடுத்து, அந்த மாதங்களில் வெளியூர் வேலைக்குப் போய்ப் பாருங்கள் என்றார்கள். பஸ் செலவுக்குச் சரியாக இருக்கும் தொகை. அந்தச் சிறு தொகைக்கே, குடும்பங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், இல்லாவிட்டால் அனுப்பியிருக்காத ஆளை வெளியூருக்கு அனுப்பின. போனவர்களின் வீடுகளில் சாப்பாடும் செலவும் கணிசமாகக் கூடின. ஏன் முன்பே போகவில்லை? போய் வேலை கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினால் வீட்டில் உலை வைக்க வழியில்லை, அதனால்தான். பின்னர் இதையே பெரிய அளவில் செய்தபோது அதே பலன் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பயம் உண்மையானது. நம் ஊரில் லைன் வீட்டு வாடகையும் அட்வான்ஸும், ஊர் மாறினால் ரேஷன் கிடைக்குமா என்ற கவலையும் அதே பயத்தின் வேறு வடிவங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வருபவர்கள் இதையெல்லாம் கடந்துதான் வருகிறார்கள்.

இனி உங்கள் அப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். ஆள் கிடைக்கவில்லை என்றால் கூலி ஏறுகிறது. கூலி ஏறினால் நடவு மெஷினும் அறுவடை மெஷினும் வாடகைக்கு வருகின்றன. மீதமிருப்பவர் தலைக்கு விளைச்சல் கூடுகிறது. விவசாயம் மேலே வருவதற்கான ஒரு வழி இது. ஆனால் வரிசை தலைகீழாகவும் அமையலாம். பிரேசிலில் 2003-இல் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றிய சோயாவுக்கு அனுமதி கிடைத்தது. களை எடுக்கவும் உழவும் தேவைப்பட்ட ஆள் குறைந்தது. அதே வட்டாரங்களில் தொழில் துறையில் வேலை பார்ப்போர் கூடினார்கள். ஆண்டுக்கு இரண்டாவது போகமாக மக்காச்சோளம் போட முடிந்த வட்டாரங்களிலோ வயலே ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டது. சோயா வட்டாரத்தில் நடந்தது வெற்றிதானே என்றால், முழுதாக இல்லை. வெளிவந்தவர்கள் அதிகம் படிக்காதவர்கள், அவர்களை ஏற்றுக்கொண்டதும் பெரிதாக வளர்ச்சியில்லாத தொழில்களே. தொழிலில் ஆள் பெருகிற்று, அதன் உற்பத்தித்திறன் அந்த அளவுக்கு வளரவில்லை.

நம் ஊரில் இதைவிட எனக்குக் கவலை தருவது நிலம். ஆள் நகர்ந்துவிட்டார், நிலம் நகரவில்லை. திருப்பூரில் வேலை பார்க்கிறவரின் இரண்டு ஏக்கர் ஊரில் தரிசாகக் கிடக்கிறது. குத்தகைக்கு விட்டால் திரும்பி வருமா என்ற பயத்தில் எழுத்து ஒப்பந்தம் போட மறுக்கிறார். வாய்மொழியாக விட்டாலும், உழுகிறவர் பெயரில் பயிர்க்கடனோ பயிர்க் காப்பீடோ எடுப்பது பெரும்பாடு. அதனால் ஊரில் தங்கி விவசாயம் செய்கிறவருக்குப் பக்கத்து நிலத்தைச் சேர்த்து ஐந்து, பத்து ஏக்கராகப் பண்ணையம் பார்க்கும் வாய்ப்பு அமைவதில்லை. துண்டு நிலத்தில் மெஷினைத் திருப்புவதற்கே இடம் போதாது. ஆள் போன பிறகு மிஞ்சியவரின் உற்பத்தித்திறன் தானாக ஏறும் என்று பாடம் சொன்னது நடக்காமல் போவது இங்கேதான்.

அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறாரே, சுற்றிலும் தரிசாகக் கிடக்கும் நிலத்தில் மூன்று ஏக்கர் பத்து வருடத்துக்கு எழுத்துக் குத்தகையாகக் கிடைத்தால், நடவு மெஷினை வைத்துக்கொண்டு அவரே பார்ப்பாரா? பார்ப்பேன் என்றால், உங்கள் ஊரில் குறைவது ஆள் இல்லை.